சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டத்திற்குச் செல்லுமுன்

நாளிதழின் உட்பக்கம் ஒன்றில், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளுக்கும் ஏல விளம்பரங்களுக்கும் நடுவே, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயரில் கட்டமிட்ட சிறிய அறிவிப்பு ஒன்று வெளியாகும். இன்ன கிராமம், இன்ன வட்டம், இன்னின்ன புல எண்கள், இத்தனை ஹெக்டேர் பரப்பு, இன்ன நிறுவனத்தின் கல்குவாரி அல்லது ஆலை அல்லது துறைமுக விரிவாக்கம், அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இன்ன நாளில் இன்ன திருமண மண்டபத்தில் நடைபெறும் என்று அதில் இருக்கும். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாட்கள் இருக்க வேண்டும் என்பது விதி. ஊரில் பெரும்பாலோருக்குச் செய்தி எட்டும்போது அந்த நாட்களில் பாதி கழிந்திருக்கும். எஞ்சியிருக்கும் நாட்களில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒலிவாங்கியின் முன் கிடைக்கும் சில நிமிடங்களைவிட, அதற்கு முந்தைய நாட்களில் செய்யும் வேலைதான் திட்டத்தின் போக்கை மாற்றக்கூடியது.

கூட்டம் எதற்காக, யாருக்காக

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இன் கீழ், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை முதன்முதலில் 1994-இல் வந்தது. மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் 1997-இல் செய்யப்பட்ட திருத்தத்தால்தான் சேர்ந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 14 செப்டம்பர் 2006 அன்று வெளியிடப்பட்ட அறிவிக்கை. கூட்டத்தை யார் நடத்துவது, எப்படிப் பதிவு செய்வது என்பதெல்லாம் அதன் நான்காவது பின்னிணைப்பில் உள்ளன. சில பக்கங்களே கொண்ட அந்தப் பின்னிணைப்பை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. மேடையில் இருப்பவர்களே சில வேளைகளில் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கூட்டம் வாக்கெடுப்பு அன்று என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலர் உடனிருப்பார். திட்டத்தை ஏற்கவோ நிராகரிக்கவோ இவர்கள் இருவருக்கும் அதிகாரம் இல்லை. அறிவிக்கையின் பட்டியலில் பெரிய திட்டங்கள் அடங்கும் ‘அ’ வகைத் திட்டமாக இருந்தால் புது தில்லியில் உள்ள நிபுணர் குழுவின் பரிந்துரையின் பேரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும், அதைவிடச் சிறியவை அடங்கும் ‘ஆ’ வகையாக இருந்தால் சென்னையில் உள்ள மாநில நிபுணர் குழுவின் பரிந்துரையின் பேரில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமும் முடிவெடுக்கும். அந்த நிபுணர்கள் மண்டபத்தில் இருப்பதில்லை. ஆயிரம் பேர் எழுந்து நின்று “வேண்டாம்” என்று முழங்கினாலும், அவர்கள் மேசைக்குப் போய்ச் சேருவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பும், எழுத்துமூலமான மனுக்களும், ஒளிப்பதிவும் மட்டுமே. ஆகையால் நாம் பேசுவதும் எழுதுவதும், மண்டபத்தில் இல்லாத அந்த வாசகரை மனத்தில் வைத்தே அமைய வேண்டும்.

இதோடு சேர்த்து அறிய வேண்டிய இன்னொரு விதி உண்டு. கூட்டம் தொடங்குவதற்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை எதுவும் தேவையில்லை. ஊரே புறக்கணித்தாலும், நாற்காலிகள் காலியாக இருந்தாலும், கூட்டம் முறைப்படி நடந்ததாகவே கணக்கில் ஏறும். வெளிநடப்பு ஓர் அரசியல் செயல் என்ற முறையில் அதற்கு மதிப்பு உண்டு. மறுநாள் நாளிதழில் படமும் வரும். ஆனால் மனுக்களைக் கொடுத்து ஒப்புகை பெற்ற பிறகு செய்யும் வெளிநடப்புக்கும், எதையும் பதிவு செய்யாமல் செய்யும் வெளிநடப்புக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பின்னதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் ஊர்த் திட்டத்துக்குக் கூட்டம் உண்டா

எல்லாத் திட்டங்களுக்கும் கருத்துக்கேட்பு இல்லை. விலக்குகளின் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. ‘ஆ’ வகையிலேயே தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படாதவை என்று பிரிக்கப்பட்ட ‘ஆ2’ வகைத் திட்டங்கள், கட்டுமானத் திட்டங்கள், கூடுதலாக நிலம் எடுக்காத சாலை விரிவாக்கங்கள், முன்பே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைகளுக்குள் அமையும் ஆலைகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் ‘ஆ2’ வகைக்கு மாற்றப்பட்டன. காவிரிப் படுகையில் அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கங்களுக்கும் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்து ஒன்றிய அமைச்சகம் குறிப்பாணை வெளியிட்டது.

விலக்கு என்று சொல்லப்பட்டால் அதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் விரிவாக்கம், தொழிற்பேட்டைக்குள் இருப்பதாகச் சொல்லிக் கருத்துக்கேட்பு இல்லாமலேயே நகர்ந்துகொண்டிருந்தது. 22 மே 2018 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து, மறுநாள்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அந்த விரிவாக்கப் பணிக்குத் தடை விதித்து, மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. பதின்மூன்று உயிர்கள் போன பிறகு கிடைத்த அந்த உத்தரவு, நடைமுறையின் தொடக்கத்திலேயே கிடைத்திருக்க வேண்டியது.

கல்குவாரிகளில் இந்த வகைப்பாட்டுச் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஐந்து ஹெக்டேருக்கு உட்பட்ட தனிக் குவாரிக்குப் பொதுவாகக் கூட்டம் இல்லை. ஆனால் ஒன்றின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் வேறு குவாரிகள் இருந்து, அவற்றின் மொத்தப் பரப்பு ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால், அவை ஒரே தொகுப்பாகக் கருதப்பட்டுக் கூட்டம் கட்டாயமாகிறது. ஆகவே அருகில் இயங்கும் குவாரி ஏதாவது பட்டியலில் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது உள்ளூர்க்காரர் செய்யக்கூடிய எளிய, ஆனால் பலனுள்ள வேலை.

ஆவணங்களைக் கையில் எடுப்பது

திட்டத்தின் தாக்கம் குறித்து நிறுவனம் அளிக்கும் வரைவு மதிப்பீட்டு அறிக்கையும் அதன் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம் அல்லது மாநகராட்சி, மாவட்டத் தொழில் மையம், சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் ஆகிய இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் “எங்களுக்கு வரவில்லை” என்று சொன்னால், வாய்ப்பேச்சோடு விடாமல், இன்ன நாளில் வந்து கேட்டபோது அறிக்கை இல்லை என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நடைமுறைக் குறையை நிறுவ அந்த ஒற்றைத் தாள் உதவும்.

விதிப்படி தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ச் சுருக்கமோ ஒரு மெல்லிய குறிப்பேடு அளவுக்குத்தான் இருக்கும், அதிலும் மொழிபெயர்ப்பு பல இடங்களில் பொருள் விளங்காதபடி அமைந்திருக்கும். கல்லூரியில் படிக்கும் இரண்டு மூன்று பேரை அமர்த்தி, முழு அறிக்கையை இயல் வாரியாகப் பிரித்துப் படிக்கச் சொல்வதே நடைமுறைக்கு உகந்த வழி. ஒன்றிய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் நிறுவனம் தாக்கல் செய்த விண்ணப்பம், ஆய்வுக்காக நிபுணர் குழு விதித்த வரையறைகள், திட்ட எல்லையின் வரைபடக் கோப்பு ஆகியவற்றையும் தரவிறக்கிக்கொள்ளலாம். நிபுணர் குழு கேட்டது என்ன, அறிக்கை கொடுத்தது என்ன என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதிக் கேள்விகள் கிடைத்துவிடும்.

அறிக்கையில் எங்கே பார்ப்பது

பன்னிரண்டு இயல்களில் ஊர்க்காரர் கண் முதலில் பதிய வேண்டியது மூன்றாவது இயலில், அதாவது தற்போதைய சூழலை விவரிக்கும் பகுதியில். எதிர்காலத் தாக்கத்தைக் கணிக்கும் நான்காவது இயலுக்கு அதுவே அடிப்படை. கணிப்பில் உள்ள சமன்பாடுகளோடு மல்லுக்கு நிற்க நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் நம் ஊரைப் பற்றி எழுதியிருப்பது உண்மையா என்று சொல்ல நம்மைவிடத் தகுதியானவர் இல்லை.

தூரங்களிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இன் 36ஆவது விதி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்ட இடம் கொடுப்பதில்லை. அறிக்கையில் “அருகிலுள்ள குடியிருப்பு” என்று ஊரின் நடுப்பகுதியைக் குறித்திருப்பார்கள். பழைய நில வரைபடத்தில் இல்லாத காலனியோ, தோட்டத்து வீடுகளோ கணக்கில் வந்திருக்காது. திட்டத்தின் மையப்புள்ளியிலிருந்து அளந்திருக்கிறார்களா, எல்லையிலிருந்து அளந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். எல்லை முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை அறிக்கையிலேயே தரப்பட்டிருக்கும். அவற்றைக் கைப்பேசி வரைபடத்தில் இட்டு, கடைசி வீடு வரை அளந்து, அந்தத் திரையைப் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காலம். காற்றின் தூசு அளவை ஒரு பருவம் முழுக்க, மழையில்லாத மாதங்களில் அளக்க வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை விதிக்கப்படுகிறது. சில அறிக்கைகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளந்துவிட்டு, அதைப் “பருவமழைக்குப் பிந்தைய காலம்” என்று குறிக்கின்றன. வட இந்தியாவுக்கு அது பொருந்தும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஐப்பசி அடைமழையில் அளந்தால் எந்தச் சாலையிலும் தூசு குறைவாகத்தான் இருக்கும். இதைச் சுட்டிக்காட்ட எந்தப் பொறியியல் பட்டமும் தேவையில்லை. குடியிருப்புப் பகுதியில் பிஎம் 10 எனப்படும் நுண்தூசு 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது தேசியத் தரம்; மழைநாளில் 60 என்று பதிவான இடம், வைகாசியில் வண்டிகள் ஓடும்போது எங்கே போய் நிற்கும் என்று கேளுங்கள்.

நீர்நிலைகளுக்கு வருவாய்த்துறைப் பதிவேடுகளே சாட்சி. புல எண் வாரியாக நில வகையைக் காட்டும் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்து, திட்டப் பகுதிக்குள்ளும் அருகிலும் ஓடை, வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால், மயானப் பாதை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் “தரிசு” அல்லது “புதர் நிலம்” என்று எழுதப்பட்டிருப்பதில் எத்தனையோ முறை ஆடு மேய்க்கும் இடமும், மழைநீர் ஏரிக்கு இறங்கும் வழியும் மறைந்து கிடக்கும். கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் பயிர் பதிவாகியிருந்தால் அதன் நகலை இணைக்கலாம். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நடந்து எண்ணி, ஆழம், கோடையில் நீர்மட்டம், எத்தனை ஏக்கர் பாசனம் என்று அட்டவணையாக எழுதினால், அறிக்கையின் எந்த அட்டவணைக்கும் அது இளைத்ததாக இருக்காது. தாவரங்கள், விலங்குகள் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த ஊரில் இல்லவே இல்லாத உயிரினங்கள் அதில் இருந்தால், பட்டியல் வேறெங்கிருந்தோ நகலெடுக்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் தரவுகள் நகலெடுக்கப்பட்டிருந்தது 2007-இல் அம்பலமானது.

காலநிலை மாற்றம் பற்றி அறிக்கைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. 2006 அறிவிக்கையும் அதைத் தனித் தலைப்பாக வலியுறுத்தவில்லை. அதனால் நாம் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. வெள்ள அபாயத்தைக் கணிக்கப் பழைய ஆண்டுகளின் சராசரி மழையளவைப் பயன்படுத்தியிருந்தால், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதை எடுத்துக்காட்டலாம். தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அது மிகுதி. அப்படிப்பட்ட ஒரு நாளில் அனல் மின் நிலையத்தின் சாம்பல் குட்டையின் கரையோ, குவாரியின் கழிவு மேடோ, துறைமுகத்துக்காக மேடாக்கப்பட்ட கழிமுகமோ என்ன ஆகும் என்ற கேள்விக்கு நிறுவனம் எண்களோடு பதில் சொல்லட்டும். காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை, அரசியலமைப்பின் 14, 21ஆம் கூறுகளில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், கானமயில் என்ற பறவையின் பாதுகாப்பு குறித்த வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதை மனுவில் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

மனு எழுதும் முறை

“இத்திட்டம் இயற்கையை அழிக்கும், ஆகவே கைவிட வேண்டும்” என்ற ஒரே வாசகம் அச்சிட்ட ஐந்நூறு மனுக்களைக் கட்டாகக் கொடுத்தால், குறிப்பில் அது ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள் கொண்ட முப்பது மனுக்கள் அதைவிடக் கனமானவை. ஒவ்வொரு மனுவும் அறிக்கையின் பக்க எண், அங்கே சொல்லப்பட்டிருப்பது, களத்தில் உள்ள உண்மை, அதற்கான சான்று, நிறுவனத்திடம் கேட்கும் கேள்வி என்ற வரிசையில் செல்வது நல்லது. எண்களை எடுத்துக்காட்டுக்காக மட்டும் இட்டு, மாதிரி ஒன்றைத் தருகிறேன்.

“ஐயா, வணக்கம். வரைவு அறிக்கையின் 71ஆம் பக்கத்தில், திட்ட எல்லைக்கு மிக அருகில் உள்ள குடியிருப்பு வடகிழக்கே 640 மீட்டரில் உள்ளதாகக் கூறப்பட்டுள்ளது. ஆனால் புல எண் 118/2-இல் உள்ள காலனியின் கடைசி வீடு, திட்ட எல்லையின் தென்மேற்கு மூலையிலிருந்து 270 மீட்டரில் இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் அளவு குறித்த வரைபடமும் இணைக்கப்பட்டுள்ளன. இக்குடியிருப்பு அறிக்கையில் ஏன் விடுபட்டது என்பதையும், 36ஆவது விதி எவ்வாறு பின்பற்றப்படும் என்பதையும் நிறுவனம் எழுத்துமூலம் விளக்க வேண்டும். இக்கேள்வியும் அதற்கான பதிலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

இதைக் கூட்டத்துக்கு முன்பே வாரிய அலுவலகத்தில் நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள், அல்லது பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். வெளியூரில் இருப்பவர்கள், திட்டத்தோடு நியாயமான தொடர்பு உடையவர்களாயின், எழுத்துமூலம் கருத்து அனுப்ப அறிவிக்கை இடம் தருகிறது.

கிராம சபைத் தீர்மானமும் இணைக்கத் தக்கது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. இந்த அறிவிக்கையின் கீழ் அத்தீர்மானம் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் அரசியல் எடை குறைவன்று. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024 நவம்பரில் முடிந்தவுடனேயே கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 23 ஜனவரி 2025 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கருத்துக்கேட்பு என்ற கட்டத்துக்கு அந்தத் திட்டம் வரவே இல்லை. நிறுவனம் பணத்தைக் கொட்டி, அறிக்கை தயாரித்து, அலுவலகம் திறந்த பிறகு தடுப்பதைவிட, ஏல அறிவிப்பிலேயே விழித்துக்கொள்வது எவ்வளவு எளிது என்பது அதில் தெரிகிறது.

மண்டபத்தில்

நேரத்துக்கு முன்பே சென்று முன்வரிசையில் இடம்பிடியுங்கள்; பெண்களை முன்னால் அமரச் செய்யுங்கள். பேருந்துகளில் ஆட்களை அழைத்து வந்து இருக்கைகளை நிரப்பி, “வேலை வேண்டும், திட்டம் வேண்டும்” என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசவைப்பது பழைய உத்தி. அதற்குக் கோபப்பட்டுக் கூச்சல் எழுந்தால், சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிக் கூட்டத்தை விரைவில் முடித்துவிட ஏதுவாகும். வேலை கேட்பவர்களும் நம் பக்கத்து ஊர்க்காரர்களே என்பதை மறக்காமல், எத்தனை நிரந்தர வேலை, எந்தத் தகுதிக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று அவர்கள் சார்பிலும் நிறுவனத்தைக் கேட்பதே சரியான அணுகுமுறை.

நிறுவனத்தின் விளக்கத்தோடு கூட்டம் தொடங்கும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அறிவிக்கை சொல்வதால், “வெளியூர்க்காரர் பேசக் கூடாது” என்று தடுத்தால் அந்த வரியைப் படித்துக் காட்டலாம். பேசும்போது பெயர், ஊர், திட்டப் பகுதியிலிருந்து வீட்டின் தூரம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, ஒருவர் ஒரே பொருளைப் பேசுங்கள். கிணறு ஒருவருக்கு, பள்ளிக்கூடத்தின் அருகே செல்லும் லாரிப் பாதை இன்னொருவருக்கு, வெடி அதிர்வு மூன்றாமவருக்கு என்று முன்கூட்டியே பங்கிட்டுக்கொண்டால், கூறியது கூறல் நேராது. அரசியல் கட்சிப் பிரமுகர்கள் வந்தால் வரவேற்கலாம்; ஆனால் முதல் ஒரு மணி நேரத்தை அவர்களிடம் கொடுத்துவிடக் கூடாது.

முடிவில்தான் மிகுந்த விழிப்பு வேண்டும். நடவடிக்கைகளின் சுருக்கத்தை அங்கேயே தமிழில் வாசித்து விளக்க வேண்டும், ஒப்புக்கொள்ளப்பட்ட குறிப்பில் தலைமை வகித்தவர் அன்றே கையொப்பமிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலோர் அதற்குள் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். குறைந்தது பத்துப் பேர் உட்கார்ந்திருந்து, விடுபட்ட கேள்வியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். முழுக் கூட்டமும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால், “இன்னின்ன கருத்து வாசிக்கப்படவில்லை” என்று ஒலிவாங்கியில் சொல்வதும் பதிவாகும். நாமும் கைப்பேசியில் தனியே பதிவு செய்வது நல்லது.

கூட்டம் தள்ளிவைக்கப்பட்டால் வெற்றி என்று கலைந்துவிட வேண்டாம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கூட்டமும், 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டன, திட்டம் கைவிடப்படவில்லை. புதிய தேதிக்குப் புதிதாக அறிவிப்பு வர வேண்டும் என்பதால், இடைப்பட்ட காலத்தை ஆவணம் திரட்டப் பயன்படுத்தலாம்.

கூட்டத்துக்குப் பிறகு

எட்டு நாட்களுக்குள் வாரியம் நடவடிக்கைக் குறிப்பை அனுமதி வழங்கும் அமைப்புக்கு அனுப்ப வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் அதைக் காட்சிக்கு வைக்க வேண்டும். குறிப்பையும் ஒளிப்பதிவையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு வாங்குங்கள். நம் கேள்விகளுக்கான பதில் இறுதி அறிக்கையில் இடம்பெற வேண்டும். நிபுணர் குழுவின் கூட்ட நிரல் இணையத்தில் வெளியாகும்போது, நம் திட்டம் வருகிறதா என்று பார்த்து, பதில் சொல்லப்படாத கேள்விகளைப் பட்டியலிட்டு நேரடியாகக் குழுவுக்கே எழுதலாம். மக்களின் ஆட்சேபங்களைக் குழு ஏன் ஏற்றது, ஏன் தள்ளியது என்பதற்குக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்று கோவா சுரங்க வழக்கு ஒன்றில் தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் கூறியிருப்பதை அக்கடிதத்தில் குறிப்பிடலாம். உண்மையை மறைத்தோ பொய்த் தகவல் கொடுத்தோ பெற்ற அனுமதியை ரத்து செய்ய அறிவிக்கையின் எட்டாவது பத்தி இடம் தருகிறது. கோவாவின் மோபா விமான நிலையத்துக்கான அனுமதியை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது, விண்ணப்பத்தில் தகவல்கள் விடுபட்டிருந்தது முக்கியக் காரணமாக இருந்தது.

அனுமதி வழங்கப்பட்டால், நிறுவனம் ஏழு நாட்களுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அங்கிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களே உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம், அதற்குப் பிறகு தீர்ப்பாயத்தால் ஏற்க முடியாது. ஆகவே வழக்கறிஞரைத் தேடுவது அனுமதி வந்த பிறகு தொடங்கும் வேலையாக இருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் தாமே நேரில் வாதிடவும் சட்டம் அனுமதிக்கிறது.

மேல்முறையீட்டுக் காலம் கடந்து திட்டம் இயங்கத் தொடங்கிவிட்டாலும், அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகள் கையில் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அவற்றின் நிறைவேற்றம் குறித்து நிறுவனம் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்; அது பொது ஆவணம். அதை வாங்கி, நட்டதாகச் சொல்லும் மரங்களை எண்ணி, தண்ணீர் தெளித்ததாகச் சொல்லும் சாலையைப் படம் எடுத்து, வேறுபாட்டைச் சென்னையில் உள்ள ஒன்றிய அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதி அனுப்புங்கள்.